பல்லுக்கு நேர்ந்துகொண்ட விரதம்

பல்லுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். "பல்லைப் புடுங்கிப் போட்டா பஞ்சு வெச்சிக்கினு வூட்டுக்கு வந்துடலாம், அதுக்கு இன்னாத்துக்குய்யா கட்டிலு?" என்கிறார்கள். நானும் அப்படி நினைத்திருந்தவன்தான். பெரிய காஞ்சிபுரத்தில் எனக்குச் சின்னதாக ஒரு மளிகைக் கடை. கூடவே கொஞ்சம் நாட்டு மருந்துச் சரக்கும் வைத்திருக்கிறேன். கணக்கு எழுதும் அளவுக்குப் படிப்பு உண்டு, அதற்கு மேல் இல்லை. எனக்கு நடந்ததில் பாதி இன்னும் எனக்கே விளங்கவில்லை. விளங்கின மட்டும் எழுதுகிறேன். காலையில் துப்பும்போது ரத்தத்தைப் பார்த்துவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறவர் யாராவது இருந்தால் அவருக்கு உதவட்டும்.

முதலில் ரத்தத்தைப் பார்த்தது ஆலங்குச்சியின் நுனியில். கீழ்வரிசை முன்பற்கள் நான்கின் அடியிலிருந்து வந்தது. வலி கிடையாது. வலிக்காததை நோய் என்று நான் எப்படி எண்ணுவேன்? குச்சி குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு தினமும் வந்தது. ஈறு சிவந்து, தொட்டால் மெத்தென்று அமுங்கியது. கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னேன். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சொன்ன சரக்கெல்லாம் என் கடையிலேயே இருந்தது. படிகாரத் தண்ணீர் கொப்பளித்தேன். மாசிக்காய்ப் பொடி வைத்து அழுத்தினேன். கிராம்பைக் கடித்துக்கொண்டே வியாபாரம் பார்த்தேன். நல்லெண்ணெய் வாயில் ஊற்றி, பேச முடியாமல், தலையை ஆட்டியே துவரம் பருப்பு நிறுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் நிற்கும். மூன்றாம் நாள் மறுபடியும் வரும்.

எனக்கு மனத்தில் இருந்த பயம் வேறு. எங்கள் தெரு மடத்தில் கிருத்திகைதோறும் முருகனுக்குப் பஜனை உண்டு. பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுப்பது நான். நான் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். என் தகப்பனார் செய்த கைங்கரியம், அவருக்குப் பிறகு எனக்கு வந்தது. முன்பல் நான்கும் போய்விட்டால் 'த'வும் 'ந'வும் காற்றாகப் போகும். பல்லில்லாத வாயால் சாமி பேரை எப்படி எடுத்துக் கொடுப்பது? பல் போவதைவிட அந்தப் பாட்டு என்னைவிட்டுப் போவதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஆகவே முருகனிடமே முறையிட்டேன். ஏற்கெனவே கிருத்திகை விரதம் இருக்கிறவன். பல்லுக்காகச் சஷ்டியும் சேர்த்துக்கொண்டேன். ரத்தம் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் சேர்த்தேன். ஒரு பல் ஆடுவதுபோல் தெரிந்ததும் காமாட்சியம்மனுக்கு வெள்ளிக்கிழமை நேர்ந்துகொண்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வழக்கப்படி விரத நாளில் பல்லில் குச்சி படக் கூடாது. பன்னிரண்டு வாய் தண்ணீர் கொப்பளித்துத் துப்பினால் போதும். என் தகப்பனார் அப்படித்தான் செய்தார், நானும் அப்படித்தான். விரதமில்லாத நாளிலும், ரத்தம் வருகிற இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுவேன். குளித்து, விபூதி பூசி, விளக்கின் முன் நிற்கும்போது வாயில் ரத்தம் இருந்தால் தீட்டில்லையா? தொடாவிட்டால் வராது. வராவிட்டால் தீட்டில்லை. இப்படித்தான் நான் யோசித்தேன். எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

என் மனைவி தனபாக்கியம்தான் முதலில் வேறு மாதிரி பேசினாள். "ஏங்க, கோவிச்சிக்காதீங்க. பக்கத்துல நின்னு பேச முடியல. வாய்க்குள்ள எலி ஏதாவது செத்துக் கெடக்குதா?"

"விரதம் இருக்கிறவன்கிட்ட பேசுற பேச்சாடி இது?"

"விரதத்தைச் சொல்லலைங்க, வாயைச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஒருநாள் காலையில் எழுந்தால் தாடை ஒரு பக்கம் தேங்காய் மூடி மாதிரி வீங்கியிருந்தது. ஜுரம் கொதித்தது. வாயைத் திறக்க முடியவில்லை. தனபாக்கியம் தன் தம்பியைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, ஜட்கா வண்டி பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

பல் டாக்டர் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. உட்கார்ந்திருந்த எல்லோரும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஒரே மாதிரி இருந்தோம். உள்ளே போனவர்களின் சத்தம் கேட்கும்போதெல்லாம் வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போய்விடுவார். அதனால் என் முறை சீக்கிரமே வந்துவிட்டது.

டாக்டர் வயதில் என்னைவிட இளையவர். மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டார். கம்பி பாதி உள்ளே போயிற்று. அவ்வளவு தூரம் போக அங்கே இடம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சீழும் ரத்தமும் வந்தது.

"இது பயோரியா" என்றார். "பல்லுல சொத்தை இல்ல. பல்லைப் புடிச்சிக்கினு இருக்கிற ஈறும் எலும்பும் கரையுது. பல் நல்லா இருந்தும் நிக்க எடம் இல்லாம ஆடுது."

பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். தண்ணீர் தாகம் உண்டா, ராத்திரியில் அடிக்கடி எழுந்து போகிறீர்களா என்று கேட்டார். உண்டு என்றேன். ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்து மூத்திரம் பிடித்துவரச் சொன்னார்.

பல்லுக்கு வந்தவனிடம் இதை எதற்குக் கேட்கிறார்? தனபாக்கியத்தைப் பார்த்தேன். "கேட்டா குடுங்க, நமக்கு இன்னா தெரியும்" என்றாள்.

அங்கிருந்த ஒருவர் நீல நிறத் தண்ணீரில் அதைச் சில சொட்டு விட்டு விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. ஈறில் கசிந்த ரத்தமெல்லாம் உள்ளே இறங்கி மூத்திரத்தில் கலந்துவிட்டது என்றே நினைத்தேன். அதை வாய்விட்டும் கேட்டுவிட்டேன். காய்ச்சியவர் சிரித்து, "ரத்தம் இல்லைய்யா, சர்க்கரை. உடம்புல சர்க்கரை ரொம்ப ஏறிக்கினு இருக்குது. சிவப்பா வந்தா அதிகம்னு அர்த்தம்" என்றார். சர்க்கரை அதிகமானால் ஈறு சீக்கிரம் கெடும், புண் லேசில் ஆறாது என்று டாக்டர் சொன்னார். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். கடையில் நாளெல்லாம் வெல்லத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்கிறவன் நான். அதற்கும் இதற்கும் முடிச்சு இருக்கிறதா என்று கேட்கப் பயமாக இருந்தது; கேட்கவில்லை.

வார்டில் எனக்கு ஓரத்துக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் முனுசாமி. ஏனாத்தூர்ப் பக்கத்து ஆள், ஏர் ஓட்டும்போது காலில் கலப்பையின் இரும்புக் கொழு பட்டுக் கட்டுப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா கடைக்காரரே, யாரு அறைஞ்சது? வூட்டம்மாவா?" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து எங்களுக்குள் சிநேகம்.

சீழ்க்கட்டியைக் கீறி விட்டார்கள். பென்சிலின் ஊசி ஒரு பக்கம். சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி ஒரு பக்கம். சாப்பாட்டுக்கு முன்னால் மேரி சிஸ்டர் வந்து போடுவார். ஊசியைக் கொதிக்கிற தண்ணீரிலிருந்து எடுக்கும்போதே எனக்கு வியர்க்கும். ஆஸ்பத்திரியில் காசு கேட்கவில்லை. சில மருந்தை மட்டும் வெளியே வாங்கிவரச் சொல்வார்கள். தனபாக்கியம் போய் வாங்கி வருவாள், விலையை மட்டும் சொல்ல மாட்டாள். தினமும் கேழ்வரகைக் கூழாக்கி, உப்பில்லாமல் ஆறவைத்து எடுத்துவருவாள். நாலைந்து நாள் கழித்துத்தான் கவனித்தேன், அவள் உதடு வெளுத்திருந்தது. எப்போதும் வெற்றிலை போட்டுச் சிவந்திருக்கும் வாய் அது.

"வெத்தலை இன்னா ஆச்சு?"

"நீங்க மெல்ல முடியாம படுத்துக்கினு இருக்கீங்க. நான் மட்டும் மென்னுக்கினு வரட்டுமா?" என்றாள்.

வீக்கம் வடிந்ததும் டாக்டர் பற்களைச் சுரண்ட ஆரம்பித்தார். ஈறை மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, வளைந்த இரும்பால் கரகரவென்று எடுப்பார். மண்டை ஓட்டுக்குள் யாரோ தேங்காய் துருவுவதுபோல் இருக்கும். சின்னச் சின்னக் கருப்புக் கல்லாகத் தட்டில் விழும். வெந்நீர் அண்டாவின் அடியில் உப்பு படிகிறதே, அதுபோலப் பல்லில் படிகிற காரை அது என்று சொன்னார். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் சட்டைப் பை மாதிரி ஒன்று உண்டாகி, அதற்குள் அழுக்கும் காரையும் சேர்ந்து, ஈறை உள்ளேயே அரித்துவிடுமாம்.

"நீங்க எப்படித் துலக்குவீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். விரத நாள் வழக்கத்தையும் சொன்னேன். அவர் கையிலிருந்த இரும்பைக் கீழே வைத்தார். "மாசத்துல எத்தனை நாள் விரதம்?"

நான் விரலை மடக்குவதற்குள் வாசலில் நின்ற தனபாக்கியம், "விரதம் இல்லாத நாளைக் கேளுங்க டாக்டர், சுருக்கா சொல்லிடலாம். முன்னே கிருத்திகை ஒண்ணுதான். பல்லுக்காவ எடுத்தது மீதியெல்லாம்" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "பல்லுக்காக விரதம் இருந்தீங்க. விரதத்துக்காகப் பல்லைத் துலக்காம விட்டீங்க. அப்படித்தானே?"

அப்படித்தான். ஆனால் அப்படிச் சொன்னபோது அது வேறு யாரோ செய்த காரியம் போல இருந்தது.

"ரத்தம் வருதேன்னு அந்த எடத்தைத் தொடாம விட்டீங்க. தொடாததாலதான் ரத்தம் வருது. அங்கதான் நல்லா துலக்கணும். மெதுவா, தினமும், ரெண்டு வேளை. மொதல்ல இன்னும் கொஞ்சம் வரும். அப்புறம் நின்னுடும். இந்த நாலு பல்லு ஆடுது. இப்பவே எடுக்கலாம்; ஒரு வாரம் பார்க்கறேன். ஈறு இறுகினா வெச்சிக்கலாம். இல்லன்னா எடுத்துடுவேன்."

ரத்தம் வருகிற இடத்தில் இன்னும் தேய்ப்பதா? காலில் புண் இருந்தால் அதைத் தேய்ப்போமா? குச்சி வேண்டாம், மெத்தென்ற பிரஷ் வாங்குங்கள் என்றார். பிரஷ்ஷில் இருப்பது பன்றி மயிர் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வார்கள். கேட்டேன். "இது நைலான். செடியும் இல்ல, மிருகமும் இல்ல" என்றார். தனபாக்கியம் வாங்கி வந்தாள். நான் அதைத் தலைமாட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் பயந்து பயந்து துலக்கினேன். துப்பினதெல்லாம் சிவப்பு.

அந்த வாரத்தில் கிருத்திகை வந்தது.

நாலு பல்லும் நிற்குமா நிற்காதா என்று தெரியப் போகிற வாரம். இந்த நேரத்தில் விரதத்தை விட்டால் முருகன் என்ன நினைப்பான்? டாக்டர் சொல்வது மெய்யாக இருக்கலாம். ஆனால் டாக்டர் பத்து நாளாகத் தெரிந்தவர்; முருகன் நான் பிறந்ததிலிருந்து தெரிந்தவன். யாரிடமும் சொல்லாமல் முடிவெடுத்தேன். காலையில் பிரஷ்ஷைத் தொடவில்லை. பன்னிரண்டு வாய் கொப்பளித்தேன். சிஸ்டர் ஊசி போட்டுவிட்டு நகர்ந்ததும், எனக்கு வந்த ரொட்டியையும் பாலையும் முனுசாமிக்குக் கொடுத்துவிட்டேன்.

"இன்னாத்துக்கு?"

"இன்னிக்குக் கிருத்திகை."

"உன் புண்ணியத்துல நான் துன்றேன்" என்று சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடி மனத்துக்குள் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் விரல் நடுங்கியது. பிறகு கை, தோள், உடம்பு முழுவதும். வேர்வை ஊற்றிச் சட்டை நனைந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. நாக்கு தடித்து, சொல்ல நினைத்தது வேறு, வந்த சத்தம் வேறு.

"டேய், கடைக்காரருக்குச் சாமி வந்துடுச்சிடா!" என்று முனுசாமி கத்தினார்.

வார்டே கூடிவிட்டது. யாரோ நெற்றியில் விபூதி பூசினார்கள். ஒரு அம்மாள் கையைக் கூப்பி, "எம்புள்ள எப்போ வூட்டுக்கு வருவான், ஒரு வார்த்தை சொல்லு சாமி" என்று அழுதாள். உள்ளதைச் சொல்கிறேன்: நானும் அப்படித்தான் நம்பினேன். இத்தனை வருஷம் பாடியவனிடம் முருகன் கடைசியில் வந்துவிட்டான் என்று எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அந்த அம்மாளுக்கு ஏதோ சொல்லவும் வாயெடுத்தேன்.

மேரி சிஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நெற்றியைத் தொட்டார். "யாருய்யா இவரு ரொட்டியைத் தின்னது?"

"சாமி வந்துக்கினு இருக்குது சிஸ்டர், தொடாதீங்க!" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"சாமியுமில்ல பூதமுமில்ல. ஊசி போட்டுக்கினு பட்டினி கெடக்குறாரு! சர்க்கரைத் தண்ணி கொண்டா, ஓடு!"

"ரொட்டி நான்தான் துன்னேன்" என்றார் முனுசாமி, சின்னக் குரலில்.

விரதத்தில் வாயைத் திறக்க மாட்டேன் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேனாம். சிஸ்டர் கன்னத்தை அழுத்தி, கரண்டியை உள்ளே விட்டுவிட்டார். இனிப்பும் ரத்தமும் கலந்து தொண்டையில் இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்கி, இரண்டாகத் தெரிந்த கட்டில் மறுபடி ஒன்றாகத் தெரிந்தது. கூட்டம் கலைந்துபோனது. அந்த அம்மாள் மட்டும் ஏமாந்த முகத்தோடு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"ஊசி சர்க்கரையை எறக்கும். சாப்பாடு ஏத்தும். ஊசியைப் போட்டுக்கினு சாப்பிடலைன்னா எறங்கிக்கினே போவும். இன்னும் கொஞ்ச நேரம் உட்டிருந்தா கண்ணே முழிச்சிருக்க மாட்டீங்க, தெரியுமா?" என்றார் சிஸ்டர்.

சாயங்காலம் தனபாக்கியம் வந்தாள். முனுசாமி எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டார். அவள் என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலை தனம்" என்றேன். "விரதம் இருந்தா பல்லு போவுதுன்றாரு டாக்டர். விரதம் இருந்தா உயிரே போவும்ன்றாங்க சிஸ்டர். காலையில வந்தது சாமியா, சர்க்கரையா? வாயில ரத்தத்தோட நான் எப்படி அவன் பேரைச் சொல்லுவேன்?"

"சாமியா சர்க்கரையா எனக்குத் தெரியாதுங்க. ரத்தம் மட்டும் தெரியும். நீங்க துப்பறதுக்கு முன்னாடியும் அது உங்க வாய்க்குள்ளதான் இருந்துச்சி. துப்பினாத்தான் முருகனுக்குத் தெரியுமா?" எழுந்து பிரஷ்ஷை எடுத்தாள். "தொளக்குங்க."

"இன்னிக்குக் கிருத்திகை."

"தெரியும். தொளக்குங்க."

எனாமல் கிண்ணத்தை அவளே வாய்க்கு நேராகப் பிடித்தாள். துலக்கினேன். கீழ்வரிசை முன்பக்கம், பயந்து தொடாமல் விட்ட இடமெல்லாம். ரத்தம் வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. துடைத்துவிட்டு, அந்த வாயோடேயே முருகா என்றேன். ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. முனுசாமி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு தினமும் இரண்டு வேளை. உப்புத் தண்ணீர் கொப்பளித்து, விரலால் ஈறை மெதுவாக நீவிவிடவும் சொன்னார்கள், அதையும் செய்தேன். சிவப்பு ரோஜா நிறமாகி, வெறும் எச்சிலாக மாறியது. டாக்டர் சொன்ன நாளில் நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு பல்லாக விரலால் ஆட்டிப் பார்த்தார். "இது நிக்கும். இதுவும் நிக்கும்" என்றார். நடுவில் ஒன்றை மட்டும் இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். "இது நிக்காதுங்க." அதை எடுத்துத் தட்டில் போட்டார். வேர் முழுக்கக் கருப்புக் காரை ஏறியிருந்தது. சொத்தை ஒரு பொட்டுக்கூட இல்லை.

மூன்று நின்றதற்காகக் கும்பிடுவதா, ஒன்று போனதற்காக அழுவதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். நேர்ந்துகொண்ட சஷ்டியையும் செவ்வாயையும் குமரகோட்டத்துக்குப் போய் முருகனிடமே, வெள்ளியைக் காமாட்சியம்மனிடமே ஒப்படைத்துவிட்டேன். கிருத்திகையை விடவில்லை, ஊசிக்குப் பிறகு சாப்பிடுகிறேன், பல் துலக்குகிறேன், மாமிசமும் கோபமும் மட்டும் தள்ளி வைக்கிறேன். இது விரதக் கணக்கில் சேருமா என்று கோயிலில் கேட்டேன். ஒருவர் சேரும் என்றார், ஒருவர் சேராது என்றார்.

அடுத்த கிருத்திகைக்கு மடத்துக்குப் போனேன். எல்லோரும் வழக்கம்போல என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜால்ரா தட்டியது. முதல் அடியை எடுத்தேன். போன பல்லின் சந்தில் காற்று உஸ்ஸென்று ஓடியது. எதிரே இருந்த ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். என் காது சூடாயிற்று. நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நிறுத்தவில்லை. உஸ்ஸென்ற சத்தத்தோடேயே அடியை முடித்தேன். அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.